மீன் தொட்டிக்கு ஃபேன் ரெகுலேட்டர்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

என் அறையில் ஒரு விஞ்ஞானி இருக்கிறான். நாங்கள் வைத்த பெயர்தான். மூளைக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். தன் மீன் தொட்டிக்கு அவனே எல்இடி விளக்கு செய்தான். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க, விளக்கின் அடாப்டரைச் செருகும் பிளக்கில் ஃபேன் ரெகுலேட்டரை மாட்டினான்.

"ஃபேனையே குறைக்குது, லைட்டைக் குறைக்காதா?" என்றான்.

விளக்கு கண்ணடித்தது, அடாப்டர் புகைந்தது, அறையே இருண்டது. பயப்படாதீர்கள், அதைப் பிடுங்கிய என் விரலில் சின்னக் கொப்புளம்தான்.

புது அடாப்டர் வாங்கி, அதற்கும் விளக்குக்கும் நடுவில் டிம்மர் வைத்து நான்தான் சரிசெய்தேன். குமிழை மெல்லத் திருகினால் மீன்கள் மிரளாமல் முன்னால் வருகின்றன. அந்தக் கூமுட்டை தொட்டிக்கு எதிரில் உட்கார்ந்து, "சாப்டியா கண்ணு?" என்று கொஞ்சுகிறான். பார்க்கச் சகிக்கவில்லை.

நேற்று அவன் இல்லாதபோது நானும் உட்கார்ந்து பேசினேன். டிம்மர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. இனி வீடியோவில் பேசும்போது, கரண்ட் மிச்சம் பிடிக்காமல் முன்னறை விளக்கைப் போடுங்கள் அம்மா. போன வாரம் நான் இருட்டோடுதான் பேசிக்கொண்டிருந்தேன்.

உங்கள் மகன்