அந்த எட்டு வரிக்கு மேல் உன் பெயர்

உன் பென் டிரைவை உன் மனைவி கொடுத்தனுப்பினார். நீ தேய்க்கும் தைலத்தின் வாடை அதில் இன்னும் போகவில்லை. மூன்று நாளாக மேசை மேல் கிடந்தது, நான் தொடவில்லை.

ஜீப் சங்கம் புதுக் கணினி வாங்கியிருக்கிறது. கொடைக்கானல் ஸ்டாண்டில் அடுத்த முறை எந்த வண்டிக்கு என்று ஓட்டுநர்களின் போனுக்குச் சொல்லும் நம் சேவையை, இல்லை, என் சேவையை, அதில் மறுபடி ஏற்ற வேண்டும். "சார் பண்ணி வச்சிட்டுப் போன ஃபைல் இருக்குமேங்க, அதை வெரசா போட்டுருங்கய்யா" என்றாள் சங்க அலுவலகப் பெண். செத்த பிறகும் நீ சார். நான் அய்யா.

ஆறு மாதம் அட்டுவம்பட்டி வீட்டில் தப்புத் தப்பாக அடித்துக் கற்று நான் எழுதிய நிரல் அது. அதை ஓட்டும் சர்வரையும் அதற்குள்ளேயே வைத்திருந்தேன். என் கணினியில், யார் தயவும் இல்லாமல் தானாக ஓடியது. மழைக்குக் கரண்ட் போனால் நின்றதும், ஸ்டாண்டில் முறைச் சண்டை வந்ததும் உண்மைதான். சங்கத்தின் அப்ளிகேஷன் சர்வரில் போடச் சொன்னார்கள். அப்படியே தூக்கிப் போட்டேன். ஏற்கவில்லை. மதுரையில் கம்ப்யூட்டர் படித்த நீ வந்து பார்த்துச் சிரித்தாய்.

"ஏலே, கல்யாண வீட்டுக்குச் சமைக்கக் கூப்பிட்டா அடுப்பையும் தூக்கிட்டு வந்திருக்க. அங்க அடுப்பு எரிஞ்சுக்கிட்டுதான் கெடக்கு. சட்டிய மட்டும் எறக்கு."

"அது நான் கட்டுன அடுப்புலே."

"சரி, வீட்டுல வச்சுக் கும்பிடு."

கும்பிடவில்லை. ஆனால் என் கணினியில் அது இன்றும் ஓடுகிறது.

சர்வரை எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரே மத்தியானத்தில் வார் ஃபைல் என்ற ஒற்றைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிட்டாய். சங்கத்தின் பொன்னாடை உனக்கு. "எழுதுனது இவந்தாங்க, நான் சும்மா கட்டிக் குடுத்தேன்" என்று என்னைக் காட்டினாய். கைதட்டினார்கள், உன் பெருந்தன்மைக்கு. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இந்த முறை நீ இல்லாமலே கட்டிவிட நினைத்தேன். உள்ளிருந்த சர்வரை நீக்கி, வார் ஃபைலாக்கிப் போட்டேன். முனகாமல் ஏறிக்கொண்டது. முகவரியைத் திறந்தால் 404, அப்படி ஒரு பக்கமே இல்லை என்று. மூன்று நாளும் அதே 404. நாளை வெள்ளனே ஜீப்புகள் முறைக்கு வந்து நிற்கும்.

இன்று உன் பென் டிரைவைச் செருகினேன். என்னிடம் இல்லாதது அதில் ஒரே ஒரு சின்னக் கோப்பு. எட்டு வரி. அன்றே சொன்னாய்: "இனி அது தானா எந்திரிக்காதுலே. சர்வர்தான் எழுப்பணும். யாரை எழுப்பணும்னு ஒரு சீட்டு எழுதி வைக்கணும்." அந்தச் சீட்டுதான் இது. அன்று நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

நகலெடுக்கவில்லை. பார்த்து, என் விரலால் அடித்தேன். முதல் ஜீப்பின் எண் திரையில் வந்தது.

அந்த எட்டு வரிக்கு மேலே, எழுதியவர் என்று உன் பெயர் இருந்தது. மற்ற எந்தக் கோப்பிலும் நீ உன் பெயரைப் போடவில்லை. விட்டிருக்கலாம், கேட்க ஆளில்லை. அதையும் பார்த்து அப்படியே டைப் அடித்தேன். பெருந்தன்மை என்று நினைக்காதே. இது உன்னுடையது என்று எழுதி வைத்தால்தான் மிச்சமெல்லாம் என்னுடையது என்று ஆகும்.

ஆனால் என்னைத் தவிர அதைத் திறந்து படிக்கத் தெரிந்த ஆள் இந்த ஊரில் நீ ஒருவன்தான் இருந்தாய்.