இருபது மில்லி

பாய்,

இன்று காலை பெருமுக்கல் பக்கம் ஒரு வேப்பமரம் அறுக்கப் போனோம். மரம் அறுக்கும் மிஷினின் கயிற்றை இழுத்ததும் புகை குப்பென்று முகத்தில் அடித்தது. அந்த எரிந்த ஆயில் வாசனையில் நீதான் முன்னால் வந்து நின்றாய். நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது.

நாம் கூட்டாக மிஷின் வாங்கியபோது நீ துபாயிலிருந்து வந்த புதிது. அங்கே தோட்ட வேலையில் பேரீச்சை மட்டை அறுத்துப் பழகிய கை உனக்கு. ஸ்பேனர் செட்டைக்கூட நகை மாதிரி பீரோவில் வைத்துப் பூட்டுவாய். நானோ உப்பளத்து ஆள். உப்புக்காற்றுக்குப் பயந்து மண்வெட்டி முதல் கதவுக் கீல் வரை எண்ணெய் பூசியே வளர்ந்தவன். லிட்டர் பெட்ரோலுக்கு டூடி ஆயில் இருபது மில்லி போதும் என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். நான் உனக்குத் தெரியாமல் ஐம்பது, அறுபது என்று ஊற்றிவந்தேன். ஆயில் கூடினால் துருப் பிடிக்காது என்று எனக்கு ஒரு நினைப்பு.

அந்தப் புயல் நாளில் என் குட்டு உடைந்தது. பிரசவ வலியில் துடித்த என் மகளை ஏற்றிவந்த வேன், திண்டிவனம் ரோட்டில் விழுந்துகிடந்த புளியமரத்துக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டது. நாம் மிஷினோடு ஓடினோம். பாதி மரம் அறுக்கும்போது அது இருமி அணைந்தது. சுடச்சுட இருந்த சைலன்சரை ஈரத் துண்டால் பிடித்துக் கழற்றினாய். புகை போகும் துவாரத்தை, கூடுதல் ஆயில் எரிந்த கரி அடைத்திருந்தது. நீ என்னை ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாய். அதற்குப் பதில் அறைந்திருக்கலாம்.

என்ன ஆச்சு என்று மருமகன் பதறி ஓடிவந்தான்.

"மிஷின் சூடாயிடுச்சுப்பா. ரெண்டு நிமிஷம் ஆறட்டும்" என்றாய்.

பிஸ்டனில் கீறல் விழக் கூடாதென்று ஒரு குச்சியைச் சீவிக் கரியைச் சுரண்டினாய். பிளக்கைத் துடைத்தாய். நான் கலந்ததைக் கொட்டிவிட்டு, சட்டையைக் கழற்றி மழைக்கு மறைத்து, மறுபடி அளந்து கலந்தாய். கார்புரேட்டர் திருகைக் கொஞ்சமாகத் திருப்பிக் காதைச் சாய்த்துக் கேட்டாய். கயிற்றை இழுத்தாய், மிஷின் உறுமியது. மரம் இரண்டானது. பேத்தி ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பிறந்தாள்.

நீ அதைக் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க வீட்டுக்கு வந்தேன். "கரியைத்தான் சுரண்டியாச்சே, விடுப்பா" என்று டீ கொடுத்தாய். அப்படி ஒரு மனசு எனக்கு இல்லை, பாய்.

இப்போது என் மச்சான்தான் எனக்குக் கூட்டு. அவனும் உப்பளத்து ஆள். இன்று பெட்ரோல் கலந்தது அவன். கொஞ்ச நேரத்தில் மிஷின் நின்றுபோனது. எவ்வளவு ஊற்றினாய் என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். அவன் முகம் வெளுத்துக் கிடந்தது. அதற்குள் மரத்துக்காரர் வந்து என்ன ஆச்சு என்று கேட்டார்.

"மிஷின் சூடாயிடுச்சுங்க. ரெண்டு நிமிஷம் ஆறட்டும்."

சொல்லிவிட்டு, கீழே கிடந்த வேப்பங்குச்சி ஒன்றை எடுத்துச் சீவ ஆரம்பித்தேன்.