சாவுக்குத் தெரியாத பேர்

காலையில் பிரிட்ஜைத் திறந்ததும் வனிலா எசன்ஸ் மணம் முகத்தில் அடித்தது. போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் தம்பியின் மகனுக்கு ஞானஸ்நானம். மிஞ்சிய கேக்கைப் பின்னேரம் வீட்டுக்குக் கொண்டுவந்து, "அக்கா, நீங்கள் சாப்பிடுங்கோ" என்று பெட்டியோடு என் கையில் திணித்துவிட்டு, புருஷனும் பெண்சாதியும் நிலாவெளி ஹோட்டலுக்குப் போய்விட்டார்கள். நீல ஐசிங்கில் எழுதியிருந்த 'ஜேடன்' என்ற பேரில் பாதி இன்னும் அழியாமல் இருந்தது. பெட்டியோடு தூக்கிக் குப்பையில் போட்டேன். சாப்பாட்டை எறிகிறாயோ என்று கேட்பீர்கள், தெரியும். ஆனாலும் போட்டேன். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். உங்களிடம் கொட்டாமல் இந்த அருவருப்பு எனக்குப் போகாது.

உங்களை அடக்கம் பண்ணிவிட்டுச் சவக்காலையிலிருந்து திரும்பும்போது, உங்கள் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நமக்குப் பிள்ளையில்லை, உங்கள் பேர் உங்களோடேயே மண்ணுக்குள் போய்விட்டது என்று நான் புலம்பியதைக் கேட்டுத்தான் சொன்னான்: "அண்ணி, எனக்கொரு பொடியன் பிறந்தா அண்ணன்ர பேர்தான். வேற கதையே இல்லை." அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் எழும்பி உலை வைத்தேன். லண்டனில் பொடியன் பிறந்துவிட்டான், ஊருக்குக் கொண்டுவந்து நம்முடைய கோயிலிலேயே தண்ணீர் ஊற்றப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் வீட்டுக்கு வெள்ளையடித்தேன். பைத்தியக்காரி.

ஓபேத் என்ற பேர் உங்களுக்கு எப்படி வந்தது என்று மாமி எனக்குச் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. ஒருவன் சாமுவேல், மற்றவன் தானியேல். கோயிலில் வாங்குக்கு வாங்கு உட்கார்ந்திருக்கிற பேர்கள். சாவு அந்தப் பேர்களுக்குப் பழகிப்போய்விட்டது, கூப்பிட்டால் பிள்ளை போய்விடுகிறது என்று மாமி முடிவு கட்டிவிட்டார். நீங்கள் பிறந்ததும் போதகரிடம் போய், "ஐயா, சாவுக்குத் தெரியாத ஒரு பேர் தாங்கோ. ஊரில ஒருத்தரும் வைச்சிருக்கக் கூடாது" என்று கேட்டாராம். அவர் வேதத்தைப் புரட்டி இதை எடுத்துக் கொடுத்தார். எபிரேயப் பேர், ஊழியம் செய்கிறவன் என்று அர்த்தம் என்றார். அந்த மொழியில் வேலை செய்வதற்கும் கடவுளை வணங்குவதற்கும் சொல் ஒன்றுதான் என்றும் சொன்னாராம். மாமிக்கு அர்த்தத்தில் அக்கறை இல்லை. ஊரில் வேறு ஆளிடம் இல்லாத பேர் என்றதே போதுமாக இருந்தது.

உண்மையிலேயே இந்தத் துறைமுகப் பக்கம் முழுக்க அந்தப் பேரில் நீங்கள் ஒருவர்தான். உங்கள் பட்டறைக்கு மூதூரிலிருந்து வள்ளத்து எஞ்சின் திருத்தக் கொண்டுவருகிற முஸ்லிம் காக்கா மட்டும் அதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. "எங்களிட்டயும் இருக்குத் தம்பி, உபைத் எண்டு. அடியான் எண்டு அர்த்தம். நீங்களும் நாங்களும் ஒரே ஆள்ட வேலைக்காரர்தான்" என்று சிரித்தார். பக்கத்துக் கடைச் சிவதாசனும் அதைக் கேட்டு, தன் பேருக்கும் அதே அர்த்தம்தான் என்றார். மூன்று வேலைக்காரரும் ஓர் எஞ்சினைச் சுற்றிக் குந்தியிருந்து பிளேன்ரீ குடித்தீர்கள். ஒருவருக்கும் வெட்கமில்லை.

மாமி படுக்கையில் விழுந்த வருஷத்தையும் நினைக்கிறேன். பட்டறையிலிருந்து வந்ததும் மண்ணெண்ணெய் மணக்கிற கையை முழங்கை வரைக்கும் கழுவிவிட்டு நேரே அவருடைய அறைக்குத்தான் போவீர்கள். துணி மாற்றி, முதுகுப் புண் துடைத்து, பவுடர் போட்டு, சீப்பால் தலை இழுத்து, பிறகுதான் உங்களுக்குச் சாப்பாடு. லண்டன்காரத் தம்பியார் ஒருமுறை பார்க்க வந்தார். வாசலைத் தாண்டவில்லை. லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஹலோ அம்மா" என்று கையைக் காட்டினார். நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னீர்கள்: "மணக்குதெண்டா வெளியாலை இருந்து ரீ குடிச்சிட்டுப் போ. அம்மாவுக்குக் கண் தெரியும்." எனக்கு உங்களைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

போன சனிக்கிழமை வீட்டு விறாந்தையில் நடந்ததைக் கேளுங்கள். உங்கள் தம்பியின் பெண்சாதி கதிரையில் காலுக்கு மேல் கால் போட்டிருந்து போனை என் மூஞ்சிக்கு நீட்டினாள். "அக்கா, நான் மீனிங் பார்த்தனான். சேர்வன்ட் எண்டு போட்டிருக்கு."

பார்த்தேன். பிள்ளைக்குப் பேர் தேடுகிற ஒரு பக்கத்தில் உங்கள் பேர் பெரிய எழுத்தில் கிடந்தது. தோற்றம் எபிரேயம். அர்த்தம் வேலைக்காரன். அதோடு முடிந்தது, வணங்குகிறவன் என்றதைக் காணவில்லை. பிரபலம் என்ற இடத்தில் ஐந்து நட்சத்திரத்துக்கு அரை நட்சத்திரம். கீழே அதிர்ஷ்டக் கல், அதிர்ஷ்ட நிறம், பக்கத்தில் கால் வெடிப்புக்குப் பூசுகிற களிம்பு விளம்பரம். ரைஸ்குக்கருக்குப் போடுகிற நட்சத்திரத்தை என்னுடைய மனிசனின் பேருக்கும் போட்டு வைத்திருக்கிறார்கள். சேறு மிதித்த கால் போல எனக்கு உடம்பெல்லாம் பிசுபிசுத்தது.

"ஜேடனுக்கு ஃபைவ் ஸ்டார் அக்கா. எங்கட ரோட்டிலயே மூண்டு பேர் இருக்கினம்" என்றாள்.

"அப்ப நல்லது. ஒருதரம் கூப்பிட்டா எல்லாரும் வந்து நிப்பினம்" என்றேன். அவளுக்கு அது விளங்கவில்லை.

உங்கள் தம்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "என்னடா தம்பி, நீயும் இதைத்தான் சொல்லுறியோ?" என்று கேட்டேன். "அண்ணி, வேலைக்காரன் எண்டு அர்த்தம் வாற பேரோட அங்க ஒரு பிள்ளை வளர ஏலாது. பகிடி பண்ணுவாங்கள். அண்ணனை மனசில வைச்சிருக்கிறம்தானே" என்றான்.

மனசில் வைத்திருக்கிறார்களாம். வாசலுக்கு வெளியே நின்று காட்டிய அதே கை. அதற்குப் பிறகு எனக்கு வாய் அடைத்துவிடும் என்று நினைத்து, ஞானத்தாயாக என்னையே நிற்கச் சொன்னார்கள். பிச்சைக்காரிக்குப் பழைய சோறு போடுகிற மாதிரி. நான் ஓம் என்றேன். ஏன் ஓம் என்றேன் என்று உங்களுக்கு விளங்கியிருக்கும்.

நம்முடைய கோயிலில் பிள்ளையின் பேரை ஞானத்தாய்தானே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். போதகர் அதே பேரைச் சொல்லித் தண்ணீர் ஊற்றிவிட்டால் ஊற்றியதுதான், பிறகு மாற்ற ஏலாது. உங்கள் பேரைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் சேலை உடுத்துக்கொண்டு போனேன். பிள்ளை என் கையில். "இந்தப் பிள்ளைக்குப் பேரிடுங்கள்" என்றார் போதகர். பின்னாலிருந்து தாய் "ஜேடன், ஜேடன்" என்று குசுகுசுத்தாள். திரும்பி இரண்டு பேரையும் பார்த்தேன். இவர்கள் வாய்களிலா அந்தப் பேர் கிடந்து புரளப் போகிறது? ஒவ்வொரு தரமும் மூஞ்சியைச் சுழித்துக்கொண்டா கூப்பிடுவார்கள்? எனக்கு மனம் வரவில்லை. "ஜேடன்" என்று கோயில் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டேன்.

பிறகு மண்டபத்தில் படம் எடுக்கிற நேரம் பிள்ளைக்கு வயிறு கழன்றுவிட்டது. நப்பித் துணி கொள்ளாமல் வெள்ளைச் சட்டை வழியே வழிந்தது. "ஐயோ என்ர சாறி" என்று தாய் தகப்பனிடம் நீட்ட, தகப்பன் பிள்ளையைக் கை எட்டுமட்டும் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "ஆராவது வாங்கோவன்" என்றான். மண்டபம் நிறையச் சனம் இரண்டு அடி பின்னால் போனது. நான் வாங்கிக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனேன். என் முழங்கை வரைக்கும் ஒழுகியது. அவ்வளவு நேரமும் அந்தச் சனத்தைப் பார்த்து கூசிக்கொண்டிருந்த எனக்கு, அந்த இடத்தில் மட்டும் அருவருப்பே வரவில்லை.

கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் உங்கள் பேரை வாயால் சொன்னதில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் சொல்லமாட்டார்கள். உங்களுக்கு நெஞ்சு நொந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று பேர் கேட்டபோதுகூட, கடுதாசியில் எழுதித்தான் காட்டினேன். எனக்கு நீங்கள் எப்போதும் 'இஞ்சாருங்கோ'தான். அங்கே குழாயடியில் பிள்ளை பச்சைத் தண்ணீரில் உதைத்துக் கத்துகிறது. பேர் சொல்லி அதட்ட வேண்டும். ஜேடன் என்று நாக்கு வரவில்லை. "ஓபேத், ஆடாதை அப்பு, முடிஞ்சுது" என்றேன். பிள்ளை அழுகையை நிறுத்தவில்லை. மற்றக் காலையும் கழுவினேன். திரும்பவும் சொன்னேன். ஒருத்தருக்கும் கேட்கவில்லை. துடைத்து, என் முந்தானையில் சுற்றிக் கொண்டுபோய்த் தாயிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அவர்கள் வெள்ளிக்கிழமை பிளேன் ஏறுகிறார்கள். ஏறட்டும். ஜேடன் சுகமாக வளரட்டும், அந்தப் பிள்ளையில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எனக்குத்தான் இப்போது வாய் பழகிவிட்டது. குசினியில் நிற்கும்போது, துணி காயப்போடும்போது, உங்கள் பேரைச் சொல்லிச் சத்தமாகவே கூப்பிடுகிறேன். நேற்றுப் பின்னேரம் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஆரை அக்கா கூப்பிடுறீங்கள்?" என்று கேட்டாள்.

"என்ர மனிசனை" என்றேன்.