முப்பத்தெட்டு சுற்று

ஜூலை 31, வெள்ளி

விடிந்ததிலிருந்து காற்று. முற்றமெல்லாம் புழுதி. எறையூர் சர்க்கரை ஆலையில் அரவை இல்லாத மாதம், மராமத்து வேலை மட்டும். மதியமே வீடு, என் மோட்டார் ரிப்பேர் வேலை.

மெஷின் முடிந்தது. ஒரு வழியாக. மோட்டாருக்குள் வைக்கும் செம்புக் கம்பிச் சுருளை, காயிலை, சுற்றும் கைச்சக்கரம்தான், ஆனால் இனி வாயால் எண்ண வேண்டாம். திருச்சி பழைய சாமான் கடையில் பொறுக்கிய சென்சார், கட்டைவிரல் தடிமன். இரும்பு கிட்டே வந்தால் தொடாமலே கண்டுகொள்ளும். சக்கரத்தில் ஒரு போல்ட். சுற்றுக்கு ஒரு தடவை போல்ட் அதைக் கடக்கும், கவுண்டரில் ஒரு எண் ஏறும். ஐநூறு சுற்று விட்டுப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஆலையில் சொன்னால் சிரிக்கிறான்கள். "ஒனக்கு வேற வேலயில்லையா?" இவன்களுக்கு ஃபியூஸ் போடத் தெரிந்தால் போதும்.

ஆடி வெள்ளி. பொட்டு வைத்து, எலுமிச்சை, மிளகாய், கரித்துண்டு கம்பியில் கோத்துச் சக்கரத்து ஆரக்காலில் நானே கட்டினேன். கண் படக்கூடாது.

ஆகஸ்ட் 1, சனி

பழைய வாடிக்கை, செட்டிகுளம் பழனிமுத்து கிணற்று மோட்டாரோடு வந்தார். அஞ்சு எச்.பி., கருகல் நாற்றம். சின்ன வெங்காயம் போட்டிருக்கிறார். கிணற்றில் இருப்பதே கொஞ்சம் தண்ணீர், அதை எடுக்கவும் மோட்டார் இல்லை.

காயிலுக்கு முப்பத்தெட்டு சுற்று. சுற்றியது மலர். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் சுற்றுகிறவள் அவள்தான், எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. நான் கவுண்டரைப் பார்த்து நிறுத்தச் சொல்ல வேண்டும், அவ்வளவே.

நாலாவது காயிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "ஏங்க, இது கைக்கு லேசா இருக்கு."

"கவுண்டர்ல முப்பத்தெட்டு வந்துடுச்சில்ல."

"என் வாயில முப்பத்தஞ்சுதான் வந்துச்சு."

மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றேன். ஆனாலும் மெதுவாக ஐம்பது சுற்றிப் பார்த்தேன். ஐம்பதுதான் காட்டியது. மீதிக் காயில்களை அவள் மடமடவென்று சுற்றி முடித்தாள்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

வார்னிஷ் பூச்சு, உலர்த்தல், செட்டிகுளம் போய் மாட்டல். சாயங்காலம் தண்ணீர் விழுந்தது. பழனிமுத்து வீட்டில் மோர்.

வாங்க வேண்டியவை: ஸ்லீவ், பருத்தி நாடா, சால்டர், மலருக்குத் தலைவலி மாத்திரை.

ஆகஸ்ட் 5, புதன்

மோட்டார் போய்விட்டது. மூன்றே நாள். பஸ் மேலே போட்டுக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு, "என்ன தம்பி இது?" என்றார் பழனிமுத்து. அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

பிரித்து, ஒவ்வொரு காயிலாக வெட்டி எண்ணினேன். ஒன்றில் முப்பத்தாறு, ஒன்றில் முப்பத்திநாலு. கண்ட கணக்கு. சுற்று குறைந்தால் கரண்டு அதிகம் இழுக்கும், சூடேறும், எரியும். வேறென்ன ஆகும்?

எனக்கு உச்சந்தலைவரை ஏறியது. மலர் நிலைப்படியில் நிற்கிறாள் என்று தெரிந்தேதான் சொன்னேன். "எண்ணத் தெரியாதவ கையில குடுத்தது என் தப்புதாங்க. கவுண்டர் சொல்றதுக்கு முந்தியே நிறுத்தி, வேணும்னே மாத்தி மாத்திச் சுத்தியிருக்கா. மெஷின் புடிக்கல அவளுக்கு."

பழனிமுத்து ஒன்றும் சொல்லவில்லை. நாலு நாளில் தண்ணீர் விடாவிட்டால் வெங்காயம் போயிடும் என்றார், போய்விட்டார்.

ஆகஸ்ட் 6, வியாழன்

சோறு வைத்தாள். குழம்பு வைத்தாள். அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். சுற்ற உட்காரச் சொன்னேன். "எண்ணத் தெரிஞ்சவங்க சுத்தட்டும்."

சரி, நானே சுத்துறேன் போ. எட்டு காயில் சுற்றினேன். போட்டு உடைத்த சட்டிபோலக் கோணல்மாணல். கம்பி அறுந்தது. கோபத்தில் கைப்பிடியைப் பிடித்து வெறும் சக்கரத்தைக் கண்மண் தெரியாமல் சுற்றினேன். வாய் தன்னால் எண்ணியது. இருபது. கவுண்டரில் இருபத்திமூன்று.

மறுபடி வேகமாக. இருபது, இருபத்திரண்டு. மெதுவாக. இருபது, இருபது.

குனிந்து பார்த்தேன். எலுமிச்சை கட்டிய கம்பியின் வால். மெதுவாகச் சுற்றினால் ஆரக்காலோடு படுத்துக் கிடக்கிறது. வேகம் பிடித்தால் விரிந்து சென்சார் முகத்தைத் தட்டுகிறாற்போல் கடக்கிறது. போல்டும் இரும்பு, கம்பியும் இரும்பு. அது இரண்டையும் எண்ணியிருக்கிறது. ஐநூறு சுற்றுச் சோதனை எலுமிச்சை கட்டுவதற்கு முன்னால். கட்டிய பிறகு பார்த்ததோ மெதுவாக. மலர் வேகக்காரி.

கட்டியவன் நான். முட்டாள். வடிகட்டின முட்டாள். கம்பியைப் பிய்த்து எறிந்தேன், விரல் கிழிந்தது, நல்லா வேணும்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

ஆலைக்கு லீவு. காலையில் சொன்னேன். அடுப்படியில், அவள் முதுகைப் பார்த்து. கம்பி, வேகம், எல்லாம்.

திரும்பவில்லை. "என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே."

"தப்புதான்."

"வெளியாளு முன்னாடி வச்சுப் பேசினீங்க. அவரு முன்னாடியே சொல்லுங்க."

அதற்கும் கோபம் வந்தது எனக்கு. ஆம்பளை போய் ஊரான் கிணற்றடியில் நின்று இதைச் சொல்வதா? பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவளே செம்புக் கம்பியை எடுத்து உட்கார்ந்தாள். "வெங்காயம் என்ன பாவம் பண்ணுச்சு." கவுண்டரின் மேல் துணியைப் போட்டு மூடினாள். ஒவ்வொரு எண்ணையும் சத்தமாகச் சொன்னாள், முப்பத்தெட்டு வரை, ஒவ்வொரு காயிலுக்கும். தெருவுக்கே கேட்டிருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து நாடா கட்டினேன்.

ஆகஸ்ட் 8, சனி

வெயில். செட்டிகுளம் பஸ்ஸில் மலரும் வந்தாள். கூப்பிடவில்லை, வந்தாள்.

மோட்டார் மாட்டி ஓட்டினோம். சூடு இல்லை, இரைச்சல் இல்லை. பழனிமுத்து, "போன தடவ கம்பி மட்டமாப் போச்சு போலருக்கு" என்றார். தப்பிக்க வழி விட்டார். ஆமாம் என்று வாய்வரை வந்துவிட்டது.

சொன்னேன். "கம்பியில கோளாறில்லைங்க. நான் கட்டுன எலுமிச்சங்காயையும் சேத்து மெஷின் எண்ணிடுச்சு. மலர் சரியாத்தான் எண்ணுனா. அன்னைக்கே சொன்னா, நான் கேக்கல."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அது தெரிஞ்சதுதானே தம்பி. இந்தப் பொண்ணு சுத்தித்தான் எம்மோட்டாரு ஆறு வருசம் ஓடுச்சு. நீங்க மெஷினு வச்சீங்க, மூணு நாள்ல போச்சு. எனக்கு அங்கயே புரிஞ்சிருச்சு."

நான் விட்ட மூச்சு எனக்கே கேட்டது. விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

மலர் வாய்க்காலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள். "புரிஞ்சுதுல்லண்ணே? அப்ப அன்னைக்கி எங்க வாசல்ல நின்னுக்கிட்டு ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

பழனிமுத்து தண்ணீரைப் பார்த்தார். நானும் தண்ணீரைத்தான் பார்த்தேன்.