மேலே இன்னும் வெயில்

நோன்பு பதினொன்று, வியாழன் இரவு

இன்று வீட்டுக்கு வர வேண்டிய இவர் வரவில்லை. சிங்கப்பூரில் வைத்தே, நைரோபிக்குப் போகும் சரக்கு விமானத்தை ஓட்டச் சொல்லிவிட்டார்கள். "மஃரிபுக்கு, பொழுது படக்குள்ள, நம்மட கடலுக்கு மேலால போவன், பாருங்க" என்று காலையில் போனில் சொன்னார்.

மகள் ஸீனத்துக்கு இது முதல் முழு நோன்பு. வாப்பாவோடு நோன்பு திறக்க ஆசைப்பட்டிருந்தாள். பள்ளிவாசலில் பாங்கு சொன்னபோது எங்கள் மாம்புரிக் கரை இருண்டுகொண்டிருந்தது. மிக உயரத்தில் ஒரு விமானம் மட்டும் தங்கக் கம்பிபோல மின்னிக்கொண்டு மேற்கே போனது. அவராகத்தான் இருக்க வேண்டும். ஒரே வானத்தில் அவருக்குப் பகலும் எங்களுக்கு இரவும். இத்தனை வருடம் அவரோடு வாழ்ந்தும் இதை இன்றுதான் கண்ணால் கண்டேன்.

ஸீனத் பேரீச்சம்பழத்தைக் கையில் பிடித்தபடி நின்றாள். உதடு காய்ந்திருந்தது.

"வாப்பாக்கு இன்னும் பொழுது படல்லயே உம்மா. நான் மட்டும் எப்பிடித் திறக்கிற?"

"நாம நிக்கிற இடத்துப் பொழுதுதான் நமக்குக் கணக்கு, மகள்."

அவள் அந்த விமானத்தையே பார்த்தாள்.

"அங்கயிருந்து பார்த்தா நம்மட கரை இருட்டாத் தெரியுமா?"

"ஓம்."

"அப்ப நான் திறந்திட்டன் எண்டு நினைச்சிருப்பாரு" என்று பாதியைக் கடித்தாள்.

மறு பாதி வாப்பாவுக்காம். போத்தலில் போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறேன். எப்போது வருவாரென்று அவருக்கே தெரியாது. நல்ல வேளை, பேரீச்சம்பழம் பழுதாகாது.