படகில் போட்ட கையெழுத்து

அன்புள்ள மகனுக்கு,

சுகமாகத்தான் இருக்கிறேன். உங்கள் ஆலைப் புகையில் வந்த இருமல்தான் இன்னும் விடவில்லை.

டால்பின் காட்ட ஆலைப் படகுக்குக் கூட்டிப்போனாய். ஆலை ஊழியர்களின் குடும்பத்தாருக்கு மட்டும்தான் அதில் இடமாம். காவலாளி பட்டியலைப் பார்த்து உன் மாமியார் பெயரைக் கூப்பிட்டார்.

"ஆபீஸ்ல அம்மான்னு அவங்களத்தான் பதிஞ்சிருக்கேன். நீ பேசாம ஆமான்னு சொல்லும்மா," என்றாய்.

சொன்னேன். புகைபோக்கிகளுக்கு எதிரே டால்பின்கள் துள்ளின. "பாட்டி, அங்க பாருங்க," என்று பேத்தி கையை இழுத்தாள். எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை.

இறங்கும்போது படகுப் பதிவேட்டில் கையெழுத்துக் கேட்டார்கள்; என் பெயரைத்தான் எழுதினேன். அதனால் ஆபீஸில் உன்னை விசாரிக்கிறார்களாம். படிக்காதவள், தெரியாமல் எழுதிவிட்டேன் என்று கடிதம் கேட்கிறாய்.

ஐந்தாவது வரை படித்தவளடா நான். தெரிந்துதான் எழுதினேன். அந்தக் கடிதத்தை உன் பட்டியலில் இருக்கும் அம்மாவிடம் வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்