ஒற்றை நட்சத்திரம்

இராஜபாளையம்,
சித்திரை 28.

அன்பு மகள் வெங்கடேஸ்வரிக்கு அப்பா ஜெயபாண்டி எழுதுவது. நான் நலம். நம் நாய் சிப்பாயும் நலம். புனேயில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஆறு வருடம் கழித்து இதென்ன திடீரென்று கடிதம் என்று நினைக்காதே. உன்கூடப் படித்த கார்த்திகா என் போனில் ஒரு கதையைக் காட்டி, "மாமா, பேரை மாத்தி நம்ம வெங்கடேஸ்வரிதான் எழுதியிருக்கா. செத்த நேரம் உக்காந்து வாசிங்க" என்றாள். வாசித்தேன். தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்ட மகள் ஊருக்கு வருகிறாள். பட்டாளத்து அப்பன் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து அவள் பெட்டியை வாங்கிக்கொள்கிறான்.

கதைக்குக் கீழே எத்தனை பேர் குறை சொல்லியிருக்கிறார்கள்! ஆறு வருடத்தில் நாய் அவளை மறந்திருக்குமாம். விவரம் கெட்டவர்கள். சிப்பாய் இன்றும் உன் சைக்கிளை ஒட்டித்தான் படுக்கிறது, வேறு ஆளைத் தொட விடுவதில்லை. சித்திரையில் மலை மேல் பனி என்று எழுதியது மட்டும் உன் தப்பு. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

கதையில் அம்மா அடுப்படியில் நிற்கிறாள். அதை ஒருவரும் குறை சொல்லவில்லை. இரண்டு வருடமாக அந்த அடுப்பில் நான் என் ஒருவனுக்குத்தான் உலை வைக்கிறேன். அவளைச் சுடுகாட்டுக்குத் தூக்கிய அன்று நீ தெருமுனையில் நின்றதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

'உண்மை விரும்பி' என்ற பெயரில் ஒற்றை நட்சத்திரம் போட்டு, இப்படி ஓர் அப்பன் உலகத்திலேயே கிடையாது, நம்புகிற மாதிரி எழுதுங்கள் என்று சொன்னது நான்தான். வாசித்ததும் வெட்கமாக இருந்தது. அதைக் கோபமாகக் காட்டிவிட்டேன். நீ மறுநாளே, "சரிதான் ஐயா, அவர் வரமாட்டார். முடிவை மாற்றிவிடுகிறேன்" என்று பதில் போட்டிருந்தாய். அந்த 'ஐயா'வைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போட்ட நட்சத்திரத்தை எப்படி எடுப்பது என்றும் தெரியவில்லை, கார்த்திகாவிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

முடிவை மாற்றாதே அம்மா. ஒன்றை மட்டும் திருத்து. மதுரையில் அவள் ஏறும் பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டித்தான் நம் ஊருக்கு வரும். அந்த அப்பனுக்கு அதுவரை பொறுக்காது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வந்து நிற்பான். நீ தேதியை மட்டும் எழுது.

மாப்பிள்ளை ரியாஸைக் கேட்டதாகச் சொல். இருவரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜெயபாண்டி